ஹெல்சிங்கி, 2005: ஆச்சேயில் போர் முடிந்த கதை

சுமத்ரா தீவின் வடமுனையில் இருக்கிறது ஆச்சே மாகாணம். அங்கே 29 ஆண்டுகள் நீடித்த ஆயுதப் போராட்டம் 2005 ஆகஸ்ட் 15 அன்று, பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியில் கையெழுத்தான ஓர் உடன்படிக்கையோடு முடிவுக்கு வந்தது. ஒருபுறம் இந்தோனேசிய அரசு. மறுபுறம் 'காம்' என்ற சுருக்கப்பெயரால் அறியப்பட்ட சுதந்திர ஆச்சே இயக்கம். அந்தப் போரில் ஏறக்குறைய 15,000 பேர் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொட்டறியாத கிராமத்து மக்கள். இதற்கு முன் இரண்டு சமாதான முயற்சிகள் முறிந்திருந்தன. மூன்றாவது முயற்சி, பேச்சு தொடங்கி ஏழு மாதங்களுக்குள் கையெழுத்தில் முடிந்தது.

இதை 'சுனாமி கொண்டுவந்த சமாதானம்' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அதில் பாதிதான் உண்மை. 2004 டிசம்பரில் வந்த அதே அலை இலங்கையையும் அடித்தது. அங்கே சமாதானம் வரவில்லை. ஆச்சேயில் நடந்ததைப் புரிந்துகொள்ள அலைக்கு முந்தைய ஆண்டுகளிலிருந்து பார்க்க வேண்டும்.

ஆச்சே நெடுங்காலம் தனி அரசாக இருந்த மண். முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் இலாமுரிதேசம் இந்தக் கரைதான் என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து. பிற்காலத்தில் மிளகு வணிகத்தால் செழித்த ஆச்சே சுல்தானகத்தின்மீது டச்சுக்காரர்கள் 1873இல் படையெடுத்தார்கள். 1903இல் சுல்தான் சரணடைந்த பிறகும் உலமாக்கள் தலைமையில் காடுகளில் போர் தொடர்ந்தது. டச்சு ஆட்சி கிழக்கிந்தியத் தீவுகளில் சந்தித்த மிக நீண்ட, மிகக் கொடிய போர் அதுவே.

இந்தோனேசியக் குடியரசு பிறந்தபோது ஆச்சே அதற்கு எதிராக நிற்கவில்லை. 1948இல் அதிபர் சுகர்னோ வந்து உதவி கேட்டபோது ஆச்சே மக்கள் பொன்னும் பணமும் திரட்டிக் கொடுத்தார்கள். குடியரசின் முதல் விமானம் அந்தப் பணத்தில் வாங்கப்பட்டது. ஆச்சேயின் எரிமலை ஒன்றின் பெயரால் அதற்கு 'செலாவா' என்று பெயரிட்டார்கள். இரண்டே ஆண்டுகளில், 1950இல், ஆச்சே தனி மாகாண நிலையை இழந்து வடக்குச் சுமத்ராவுடன் இணைக்கப்பட்டது. 1953 செப்டம்பரில் தாவூத் பெரூஎ தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. அவர் கேட்டது தனி நாடல்ல, இஸ்லாமிய அடிப்படையிலான குடியரசு. மதம், கல்வி, மரபுச் சட்டம் ஆகியவற்றில் ஆச்சேக்குச் சிறப்புரிமை தருவதாக 1959இல் ஜகார்த்தாவின் மத்திய அரசு வாக்களித்தது. 1962இல் பெரூஎ சரணடைந்தார். அந்தச் சிறப்புரிமை காகிதத்தோடு நின்றது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றாத ஜகார்த்தா என்ற நினைவு ஆச்சேயின் ஒவ்வொரு தலைமுறைக்கும் கைமாறி வந்தது. பின்னாளில் எந்தப் பேச்சு மேசையிலும் காம் தரப்பு எழுத்தில் உறுதி கேட்டதற்கும், வெளியாரைச் சாட்சியாக வைக்கச் சொன்னதற்கும் இதுதான் வேர்.

1971இல் லோக்சுமாவே அருகே அருண் பகுதியில் மாபெரும் இயற்கை எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் திரவ எரிவாயு கப்பல் கப்பலாக ஜப்பானுக்குச் சென்றது. வருவாய் ஜகார்த்தாவுக்குப் போனது. ஆலையின் நல்ல வேலைகளில் வெளியிலிருந்து வந்தவர்கள் அமர்ந்தார்கள். நிலம் கொடுத்த கிராமங்கள் இருந்தபடியே இருந்தன.

ஹசான் டி டீரோ இந்தச் சூழலில் திரும்பி வந்தார். டச்சுப் போரின் நாயகர்களில் ஒருவரான தெங்கு சிக் டி டீரோவின் வழிவந்தவர். 1950களிலிருந்து நியூயார்க்கில் வாழ்ந்தவர். 1976 டிசம்பர் 4 அன்று பிடீ மாவட்டக் காடொன்றில் ஒரு சிறு குழுவுடன் ஆச்சேயின் விடுதலையை அறிவித்தார். இராணுவம் அக்குழுவை விரைவில் நசுக்கியது. 1979இல் தப்பிய அவர் பின்னர் ஸ்வீடனில் குடியேறினார். இயக்கத்தின் தலைமை ஸ்டாக்ஹோம் புறநகரிலும் போராளிகள் ஆச்சே காடுகளிலுமாக இருந்த அமைப்பு அப்போது உருவானது. 1980களின் பிற்பகுதியில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் லிபியாவில் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். 1989இல் தாக்குதல்கள் மீண்டும் தொடங்கின.

அரசின் பதிலடிதான் ஆச்சே மக்களை இயக்கத்தின் பக்கம் தள்ளியது. 1989 முதல் 1998 வரை ஆச்சே 'இராணுவ நடவடிக்கைப் பகுதி'யாக வைக்கப்பட்டது. பிடீ மாவட்டத்தில் ருமோ கெடோங் என்ற பழைய மரவீட்டைச் சிறப்புப் படையினர் முகாமாக்கினார்கள். சந்தேகத்தின் பேரில் பிடித்துவரப்பட்ட ஆண்களும் பெண்களும் அங்கே சித்திரவதைக்கு உள்ளானார்கள். பலர் வீடு திரும்பவில்லை. 1998 மே மாதம் அதிபர் சுகார்த்தோ வீழ்ந்ததும் ஆகஸ்டில் படைத் தலைவர் விராந்தோ அந்த நிலையை நீக்கி மன்னிப்புக் கேட்டார். உள்ளூர் மக்கள் ருமோ கெடோங்குக்குத் தீ வைத்தார்கள். ஆனால் வன்முறை ஓயவில்லை. 1999 மே 3 அன்று லோக்சுமாவே அருகே சிம்பாங் கேகேஏ சந்திப்பில் திரண்டிருந்த கூட்டத்தின்மீது படையினர் சுட்டதில் பலர் இறந்தனர். அவ்வாண்டு கிழக்குத் திமோர் பொதுவாக்கெடுப்பு நடத்தி இந்தோனேசியாவைவிட்டுப் பிரிந்தது. நவம்பர் 8 அன்று மாகாணத் தலைநகர் பாந்தா ஆச்சேயில் லட்சக்கணக்கானோர் கூடித் தங்களுக்கும் அதே வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்டார்கள்.

முதல் இரண்டு சமாதான முயற்சிகளையும் ஜெனீவாவைச் சேர்ந்த ஹென்றி துனான் மையம் என்ற தனியார் அமைப்பு நடத்தியது. அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் காலத்தில், 2000 மே 12 அன்று, 'மனிதாபிமான இடைநிறுத்தம்' கையெழுத்தானது. அடுத்த அதிபர் மெகாவதி காலத்தில், 2002 டிசம்பர் 9 அன்று, மேலும் விரிவான போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் அதிகாரிகள் கண்காணிக்க வந்தார்கள். கூட்டுப் பாதுகாப்புக் குழுவுக்குத் தாய்லாந்தின் தனோங்சுக் துவினுன் தலைமை தாங்கினார். சமாதான வலயங்கள் அறிவிக்கப்பட்டன. முதல் சில வாரங்களில் கொலைகள் சட்டென்று குறைந்தன. இரவில் கடைகள் திறந்தன.

அது ஏன் முறிந்தது என்பதில்தான் ஆச்சே வரலாற்றின் பாடம் இருக்கிறது. இரு தரப்பும் முதலில் சண்டையை நிறுத்துவோம், அரசியலைப் பிறகு பேசுவோம் என்று ஒப்புக்கொண்டிருந்தன. அரசியல் எங்கே போய் முடியும் என்பதில் ஒருமித்த கருத்தே இல்லை. 2001இல் இயற்றிய சிறப்புத் தன்னாட்சிச் சட்டமே இறுதித் தீர்வு, காம் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று ஜகார்த்தா சொன்னது. அது ஒரு தொடக்கம் மட்டுமே, விடுதலைக் கோரிக்கையைத் தாங்கள் கைவிடவில்லை என்று காம் தன் மக்களிடம் சொன்னது. இந்த நிலையில் போராளிகள் ஆயுதத்தைக் கீழே வைப்பது எதற்காக, படை பாசறைக்குத் திரும்புவது எதற்காக என்ற கேள்விக்கு விடை இல்லை. காம் ஓய்வுக் காலத்தில் ஆள் சேர்த்தது, வரி வசூலித்தது. படை தன் இடங்களைவிட்டு நகரவில்லை. கண்காணிப்பாளர்களின் அலுவலகங்கள் கும்பல்களால் தாக்கப்பட்டன. யார் தவறு செய்தார் என்று தீர்ப்புச் சொல்லிக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அவர்களிடம் இல்லை.

2003 மே மாதம் டோக்கியோவில் கடைசிப் பேச்சுக்கு ஏற்பாடானது. அங்கே செல்லப் புறப்பட்ட காம் பிரதிநிதிகளைக் காவல்துறை பாந்தா ஆச்சேயிலேயே கைது செய்தது. பேச்சு முறிந்தது; மே 19 அன்று ஆச்சேயில் இராணுவ நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. கிழக்குத் திமோர் படையெடுப்புக்குப் பிறகு இந்தோனேசியா நடத்திய மிகப் பெரிய இராணுவ நடவடிக்கை அது. வெளிநாட்டினரும் செய்தியாளர்களும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அடுத்த பதினெட்டு மாதங்களில் காம் கடும் இழப்பைச் சந்தித்தது. கிராமங்களிலிருந்து காட்டுக்குள் தள்ளப்பட்டது. ஆனாலும் படையால் அதை அழித்துவிட முடியவில்லை. தனி நாட்டை வெல்ல முடியாது என்று காம் தலைமையும், இந்தப் போரைப் படையால் முடிக்க முடியாது என்று ஜகார்த்தாவில் சிலரும் ஒரே காலத்தில் உணர்ந்தார்கள்.

அந்தச் சிலரில் முதன்மையானவர் யூசுப் கல்லா. தெற்கு சுலவேசியைச் சேர்ந்த வணிகர். 2001 டிசம்பரில் போசோவிலும் 2002 பிப்ரவரியில் மலுக்குவிலும் கிறிஸ்தவ, முஸ்லிம் குழுக்களுக்கிடையிலான மோதலை மாலினோ என்ற மலையூரில் பேசித் தீர்த்துவைத்தவர். அப்போது அவருக்குத் துணைநின்ற மருத்துவர் ஃபரீத் ஹுசைனிடமே ஆச்சே பொறுப்பையும் ஒப்படைத்தார். ஃபரீத் ஹுசைனுக்கு யூஹா கிறிஸ்டென்சென் என்ற பின்லாந்து நண்பர் இருந்தார். 1980களில் சுலவேசியில் தங்கியிருந்ததால் இந்தோனேசிய மொழி நன்கு தெரிந்தவர்; எந்த அரசின் பிரதிநிதியும் அல்லர். கிறிஸ்டென்சென் ஸ்டாக்ஹோம் தலைமையோடு தொடர்பு ஏற்படுத்தினார். நடுவராக இருக்கும்படி பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அட்டிசாரியைக் கேட்டார். நமீபியாவின் விடுதலையிலும் கொசோவோ போரின் முடிவிலும் பணியாற்றிய அனுபவம் அட்டிசாரிக்கு உண்டு.

2004 அக்டோபர் 20 அன்று சுசீலோ பாம்பாங் யூதோயோனோ அதிபரானார். கல்லா துணை அதிபரானார். யூதோயோனோ முன்னாள் தளபதி. 2003இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது பாதுகாப்புத் துறையை ஒருங்கிணைத்த அமைச்சரும் அவரே. போரின் எல்லையை உள்ளிருந்து கண்டவர் என்பதால் சமாதானத்தின் தேவையும் அவருக்குத் தெரிந்திருந்தது. பதவியேற்றதும் அவர் செய்த ஒரு காரியம் அப்போது அதிகம் கவனிக்கப்படவில்லை. பேச்சுவார்த்தையை வெளிப்படையாக எதிர்த்த தரைப்படைத் தலைவர் ரியமிசார்டு ரியாகுடுவை முப்படைத் தளபதியாக்க மெகாவதி அனுப்பியிருந்த பரிந்துரையைத் திரும்பப் பெற்று, எந்த்ரியார்த்தோனோ சுதார்த்தோவையே அப்பதவியில் நீடிக்க வைத்தார். சுதார்த்தோ சமாதானத்துக்குப் படையைப் பணியவைத்தார். இந்த ஒரு முடிவு இல்லாமல் ஹெல்சிங்கி நடந்திருக்க முடியாது என்று துணிந்து சொல்லலாம். மேசையில் கையெழுத்திடுவதைவிட, அந்தக் கையெழுத்தைத் தன் படை மதிக்கும்படி செய்வதுதான் அரசுக்குக் கடினமான வேலை.

டிசம்பர் மாதக் கடைசியில், சுனாமிக்குச் சில நாள்கள் முன்பே, ஹெல்சிங்கியில் சந்திக்க இரு தரப்பும் இசைந்திருந்தன. டிசம்பர் 26 காலை அலை வந்தது. ஆச்சேயில் மட்டும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஏறக்குறைய 1,70,000 பேர். ஐந்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். காம் உடனே ஒருதலைப்பட்சமாகப் போர்நிறுத்தம் அறிவித்தது. வெளியாருக்கு மூடப்பட்டிருந்த மாகாணத்தில் உலகின் மீட்புக் குழுக்களும் அயல்நாட்டுப் படைகளும் வந்திறங்கின. மறுகட்டுமானத்துக்கான பெரும் நிதி வரவிருந்தது. போர் நடக்கும் இடத்தில் அதைச் செலவழிக்க எந்த நாடும் தயங்கும். அலை செய்தது இதுதான்: ஏற்கெனவே திறந்திருந்த கதவின் வழியே இரு தரப்பும் மானம் குறையாமல் நடந்துவர வழிவிட்டது.

முதல் சுற்று 2005 ஜனவரி இறுதியில், ஹெல்சிங்கியை அடுத்த வந்தாவில் கோனிக்ஸ்டெட் என்ற பழைய மாளிகையில் நடந்தது. அரசுத் தரப்பில் சட்ட அமைச்சர் ஹமீத் அவாலுத்தீன், தகவல்துறை அமைச்சர் சோஃப்யான் ஜலீல், ஃபரீத் ஹுசைன் முதலியோர் இருந்தனர். எதிரே இயக்கத்தின் 'பிரதமர்' மாலிக் மஹ்மூத், மருத்துவரான ஸைனி அப்துல்லா, பக்தியார் அப்துல்லா, நூர் ஜூலி, நூர்தீன் அப்துல் ரஹ்மான். உடல்நலம் குன்றியிருந்த ஹசான் டி டீரோ மேசைக்கு வரவில்லை.

அட்டிசாரியின் முறை முந்தைய நடுவர்களுடையதிலிருந்து அடியோடு வேறுபட்டது. தனி நாடு பற்றிப் பேசுவதென்றால் இங்கே வர வேண்டியதில்லை என்று காம் தரப்பிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். கடந்தகால வரலாற்றை மேசையில் விரிக்கவும் அவர் இடம் தரவில்லை. அனைத்திலும் உடன்பாடு காணும்வரை எதிலும் உடன்பாடு இல்லை என்பதை அடிப்படை விதியாக்கினார். இதன்படி எந்தத் தரப்பும் ஒரு விட்டுக்கொடுப்பைப் பற்றிக்கொண்டு மீதியை இழுத்தடிக்க முடியாது. போர்நிறுத்தம் முதலில் வேண்டும் என்று காம் கேட்டது. அவர் அதைப் பட்டியலின் கடைசியில் வைத்தார். அதனால் பேச்சு நடந்த மாதங்களிலும் ஆச்சேயில் படை நடவடிக்கைகள் நிற்கவில்லை, போராளிகள் கொல்லப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த விலை கொடியது. ஆயினும் முதலில் அரசியல், பிறகு ஆயுதம் என்ற இந்த வரிசை மாற்றம்தான் 2002இல் முறிந்ததை 2005இல் நிலைக்க வைத்தது. ஆயுதத்தை ஒப்படைக்கும் நாளில் போராளிக்குத் தனக்குக் கிடைக்கப்போவது என்னவென்று எழுத்தில் தெரிந்திருந்தது.

பிப்ரவரியில் நடந்த இரண்டாம் சுற்றில் காம் தன் பெரும் விட்டுக்கொடுப்பைச் செய்தது. விடுதலைக் கோரிக்கையை விட்டு, இந்தோனேசியாவுக்குள் சுயாட்சி என்ற நிலைக்கு வந்தது. 2001 சட்டத்தின் தன்னாட்சியை ஏற்க முடியாது, புதிய சட்டம் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வெளியுறவு, வெளிப் பாதுகாப்பு, தேசியப் பாதுகாப்பு, நாணயமும் நிதியும், நீதித்துறை, மதச் சுதந்திரம் ஆகியவை ஜகார்த்தாவிடம் இருக்கும், மற்ற எல்லாம் ஆச்சேயிடம் என்ற பங்கீடு ஏப்ரல், மே சுற்றுகளில் உருவானது. எண்ணெய், எரிவாயு உள்ளிட்ட இயற்கை வளங்களின் வருவாயில் 70 விழுக்காடு ஆச்சேக்கு என்று முடிவானது. 1956 ஜூலை 1இல் இருந்த எல்லைகளே ஆச்சேயின் எல்லைகள் என்றும் எழுதப்பட்டது.

ஜூலையில் ஐந்தாம் சுற்று ஒரு கோரிக்கையில் சிக்கி நின்றது. ஆச்சேயில் உள்ளூர் அரசியல் கட்சிகள் தேர்தலில் நிற்க வேண்டும் என்றது காம். இந்தோனேசியச் சட்டப்படி ஒரு கட்சி நாட்டின் பாதி மாகாணங்களிலாவது கிளை வைத்திருக்க வேண்டும். பிரிவினைக்கு அஞ்சி வைத்த விதி அது. காம் ஆள்களைத் தேசியக் கட்சிகளின் வேட்பாளர்களாக நிறுத்தித் தருகிறோம் என்று கல்லா மாற்றுத் திட்டம் அனுப்பினார். தங்களுக்கு மட்டும் பதவி கேட்கவில்லை, எல்லா ஆச்சே மக்களுக்கும் கட்சி தொடங்கும் உரிமையைக் கேட்கிறோம் என்று காம் மறுத்தது. ஜகார்த்தாவில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலர் இதை ஒருபோதும் ஏற்கமாட்டோம் என்றார்கள். கடைசியில், நாடாளுமன்றத்தைக் கலந்து ஓராண்டுக்குள், அதிகம் போனால் 18 மாதங்களுக்குள், உள்ளூர் கட்சிகளுக்கான சட்ட ஏற்பாட்டை அரசு செய்யும் என்ற வாசகத்தில் இரு தரப்பும் இணங்கின. ஜூலை 17 அன்று வரைவு முற்றுப்பெற்றது.

அதே வாரத்தில், ஜூலை 15 அன்று, இலங்கையின் உச்ச நீதிமன்றம் சுனாமி நிவாரணத்துக்காக அரசும் விடுதலைப் புலிகளும் ஜூன் 24இல் கையெழுத்திட்டிருந்த கூட்டுக் கட்டமைப்பின் முக்கியப் பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2002 பிப்ரவரியிலிருந்து போர்நிறுத்தம் அங்கே பெயரளவில் இருந்தது. அரசியல் தீர்வு பற்றிய பேச்சோ 2003 ஏப்ரலிலிருந்து நின்றுபோயிருந்தது. நிவாரணப் பணத்தைப் பகிர்வதற்கே கொழும்பில் அரசியல் ஆதரவு திரளவில்லை. இரு நாடுகளிலும் அலை ஒன்றுதான்; அலை வரும்போது மேசையில் என்ன இருந்தது என்பதுதான் வேறு.

ஆகஸ்ட் 15 அன்று ஹமீத் அவாலுத்தீனும் மாலிக் மஹ்மூதும் கையெழுத்திட்டார்கள். அட்டிசாரி சாட்சியாகக் கையெழுத்திட்டார்.  ஆகஸ்ட் 31 அன்று பொதுமன்னிப்பின் கீழ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காம் கைதிகள் விடுதலையானார்கள்.

கண்காணிப்பை ஐரோப்பிய ஒன்றியமும் நார்வேயும் சுவிட்சர்லாந்தும் ஐந்து ஆசியான் நாடுகளும் ஏற்றன. டச்சு அதிகாரி பீட்டர் ஃபெய்த் தலைமையில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் ஆயுதமின்றி வந்தார்கள். முந்தைய குழுவுக்கு இல்லாத அதிகாரம் இவர்களுக்கு இருந்தது: தகராறுகளில் கண்காணிப்புக் குழுத் தலைவரின் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். அதிலும் தீராவிட்டால் மேல்மட்டம்; கடைசியில் அட்டிசாரி. வாராவாரம் கூடிய பாதுகாப்பு ஏற்பாட்டுக் கூட்டங்களில் அரசுக்காக அமர்ந்தவர் பாம்பாங் தார்மோனோ. 2003இல் ஆச்சேயில் படை நடவடிக்கையை வழிநடத்திய தளபதி. எதிரே காம் பிரதிநிதியாக அமர்ந்தவர் இர்வாந்தி யூசுப். கால்நடை மருத்துவர், சுனாமி அலை பாந்தா ஆச்சே சிறைக்குள் புகுந்தபோது கூரை வழியே தப்பியவர்.

ஆயுத ஒப்படைப்பு செப்டம்பர் 15 அன்று பாந்தா ஆச்சேயின் பிளாங் பாதாங் திடலில் மக்கள் கண்முன் தொடங்கியது. காம் கொண்டுவந்த ஒவ்வொரு துப்பாக்கியையும் கண்காணிப்பாளர்கள் சோதித்தார்கள். இராணுவ அதிகாரிகளும் பார்த்தார்கள். ஏற்கத்தக்கது என்றால் இயந்திர ரம்பத்தில் வைத்துத் துண்டாக அறுக்கப்பட்டது. நாட்டுத் துப்பாக்கியும் பழுதானதும் கணக்கில் சேரவில்லை. நான்கு கட்டங்களில் 840 ஆயுதங்கள் என்பது உடன்படிக்கை. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட படைப்பிரிவுகள் அதே அளவில் கப்பலேறின. டிசம்பர் இறுதியில் 840 ஆயுதங்கள் அழிந்திருந்தன. மாகாணத்தில் 14,700 படையினரும் 9,100 காவலரும் மட்டும் எஞ்சினர். டிசம்பர் 27 அன்று காம் தன் ஆயுதப் பிரிவைக் கலைத்தது. ஒரு தரப்பு முழுவதும் நிராயுதபாணியாகி மறுதரப்பை நம்பிக் காத்திருக்கும் நிலை எந்த நாளிலும் வராதபடி அமைந்த இந்த ஏற்பாடு ஹெல்சிங்கியின் மிகச் சிறந்த பகுதி.

முன்னாள் போராளிகளின் மறுவாழ்வு அத்தனை நன்றாக நடக்கவில்லை. காம் தரப்பு மேசையில் சொன்ன எண்ணிக்கை 3,000. உண்மையில் உதவி கேட்டு நின்றவர்கள் அதைவிடப் பல மடங்கு. பணம் தளபதிகள் வழியாகப் பகிரப்பட்டதால் யாருக்கு எவ்வளவு என்பதில் கசப்பு மூண்டது. காமின் 'இனோங் பாலே' பெண்கள் பிரிவில் இருந்தவர்களின் பெயர்கள் அந்த முதல் பட்டியலிலேயே இல்லை. கணவனை இழந்து, ஆயுதம் சுமந்து, காட்டில் காயம்பட்ட பெண்களைக் கணக்கிலேயே எடுக்காதது பெரும் அநீதி.

2006 ஜூலையில் ஜகார்த்தா நாடாளுமன்றம் ஆச்சே ஆட்சிச் சட்டத்தை நிறைவேற்றியது. உள்ளூர் கட்சிகள் அனுமதிக்கப்பட்டன. 2008 முதல் இருபது ஆண்டுகளுக்குச் சிறப்பு நிதியும் கிடைத்தது. ஆனால் உடன்படிக்கையின் சில முனைகள் மழுங்கின. ஆச்சேயைப் பாதிக்கும் மத்திய முடிவுகளுக்கு ஆச்சே சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று ஹெல்சிங்கியில் எழுதியிருந்தது. சட்டத்தில் கருத்துக் கேட்டால் போதும் என்றானது. எரிவாயு வருவாயில் பெரும்பங்கு கிடைத்தபோது அருண் வயல் வற்றத் தொடங்கியிருந்தது. 2014இல் அங்கிருந்து திரவ எரிவாயு ஏற்றுமதி நின்றுவிட்டது.

அரசியல் களத்தில் முன்னாள் போராளிகள் வென்றார்கள். 2006 டிசம்பர் தேர்தலில் இர்வாந்தி யூசுப் சுமார் 38 விழுக்காடு வாக்கு பெற்று ஆளுநரானார். வெளிநாட்டிலிருந்த தலைமை ஆதரித்த வேட்பாளர் தோற்றார். 2009இல் காம் வழிவந்த ஆச்சே கட்சி மாகாண சட்டமன்றத்தின் 69 இடங்களில் 33ஐக் கைப்பற்றியது. 2012இல் ஸைனி அப்துல்லா ஆளுநரானார். ஹசான் டி டீரோ 2008 அக்டோபரில் தாய்மண்ணை மிதித்தார். 2010 ஜூன் 2 அன்று இந்தோனேசியக் குடியுரிமையைத் திரும்பப் பெற்று மறுநாளே காலமானார். அட்டிசாரிக்கு 2008இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. ஆட்சிக்கு வந்தவர்களின் நிர்வாகம் அப்பழுக்கற்றதல்ல. இர்வாந்தி யூசுப் பின்னாளில் ஊழல் வழக்கில் சிறை சென்றார். சிறப்பு நிதி இவ்வளவு கிடைத்தும் ஆச்சே சுமத்ராவின் ஏழை மாகாணமாகவே நீடிக்கிறது. ஆனாலும் இந்தச் சண்டைகள் எல்லாம் தேர்தலிலும் நீதிமன்றத்திலும் நடந்தன, காட்டில் அல்ல.

உடன்படிக்கை எழுத்துக்கு இன்றும் வலு உண்டு என்பது 2025இல் தெரிந்தது. அவ்வாண்டு உள்துறை அமைச்சகம் நான்கு சிறு தீவுகளை வடக்குச் சுமத்ராவுக்குச் சொந்தமாக அறிவித்தபோது ஆச்சே கொதித்தது. ஹெல்சிங்கியில் எழுதிய 1956 எல்லையைக் கல்லா வெளிப்படையாக நினைவூட்டினார். ஜூன் 17 அன்று அதிபர் பிரபோவோ தீவுகளை ஆச்சேக்கே உறுதிசெய்தார். அப்போது ஆச்சே ஆளுநராக இருந்தவர் முசாகிர் மனாஃப். லிபியாவில் பயிற்சி பெற்றவர், காம் ஆயுதப் பிரிவின் கடைசித் தளபதி.

தீராமல் நிற்பது பாதிக்கப்பட்டவர்களின் கணக்கு. மனித உரிமை நீதிமன்றமும் உண்மை கண்டறியும் ஆணையமும் அமையும் என்று ஹெல்சிங்கியில் இரு தரப்பும் எழுதிக்கொடுத்தன. ஆட்சிச் சட்டம் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தைச் சட்டம் வந்த பிறகு நடக்கும் குற்றங்களோடு நிறுத்தியது. போர்க்காலம் முழுவதும் அதன் எல்லைக்கு வெளியே போனது. உண்மை கண்டறியும் தேசியச் சட்டத்தை 2006 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. ஆச்சே தன் சொந்தச் சட்டத்தின்படி ஆணையத்தை அமைக்க 2016 ஆகிவிட்டது. அதற்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. இரு தரப்பின் தளபதிகளும் பதவிகளில் இருந்ததால் பழைய குற்றங்களைக் கிளற இருவருக்கும் மனமில்லை. 2023 ஜனவரியில் அதிபர் ஜோக்கோ விடோடோ ருமோ கெடோங், சிம்பாங் கேகேஏ, தெற்கு ஆச்சேயின் ஜாம்போ கெயுபோக் ஆகிய மூன்று இடங்களில் நடந்தவை கடும் மனித உரிமை மீறல்கள் என்று ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு ஜூனில் ருமோ கெடோங் இருந்த இடத்துக்கு வந்து நிவாரணத் திட்டத்தைத் தொடங்கினார். அவர் வருவதற்குமுன் அங்கே எஞ்சியிருந்த சுவர்களும் படிக்கட்டும் இடிக்கப்பட்டன. சாட்சியத்தை அழிக்கிறார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் எதிர்த்தும் பயனில்லை. ஹெல்சிங்கி உடன்படிக்கை வாக்களித்த மனித உரிமை நீதிமன்றம் இருபது ஆண்டுகள் கடந்தும் ஆச்சேயில் அமைக்கப்படவில்லை.

(தொடரும்)